கூண்டு ஏறினால் கப்பல் எங்கே போகும்?

புயல் சென்னையை நோக்கித்தான் வருகிறது என்று தெளிவானதும் துறைமுகத்தில் முதலில் நடக்கிற வேலைகளில் ஒன்று, உள்ளே கட்டி நிற்கும் பெரிய கப்பல்களை வெளியே அனுப்புவது. வெளியே என்றால் கடலுக்குள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானொலி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், இரும்பு மலைகள் போன்ற அந்தக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஆழத்தை நோக்கிப் புறப்படுகின்றன. கரை என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் கடலோடிகளுக்கு இது பழைய பாடம்.

எங்கள் கொரட்டூரில் சில வருடங்களாக விடுமுறைப் பேச்சில் கப்பலும் சேர்ந்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் என்று திட்டம் போட்ட வீடுகளில், மூன்று நாள் ஐந்து நாள் கப்பலில் போய்வரலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கூடவே பாட்டியின் கேள்வியும் வருகிறது: “நடுக்கடல்ல போறப்ப புயல் வந்தா என்னடா பண்ணுவீங்க?” சிரித்துக் கடந்துபோக வேண்டிய கேள்வி இல்லை இது. காற்று, கடல், வெப்பம், நீரின் எடை, முந்நூறு வருட அனுபவம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பதிலைச் சொல்லிவிடுகிறேன்: முன்னெச்சரிக்கையோடு ஓட்டப்படும் நல்ல கப்பலில் இருப்பவர்களைவிட, அந்த நேரத்தில் கொரட்டூரில் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். ஏன் என்பதுதான் சுவையான கதை.

சென்னையிலிருந்து இப்போதைய சுற்றுலாக் கப்பல் ஓடத் தொடங்கியது 2022 ஜூன் 4 அன்று. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் அது. விசாகப்பட்டினம் வரை போனது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் இலங்கைக்குப் போய் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களைத் தொட்டது. 211 மீட்டர் நீளமுள்ள இந்தக் கப்பல் 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டது. அப்போதைய பெயர் ‘நார்டிக் எம்பிரஸ்’. மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நாள், நான்கு நாள் பயணம் போவதற்கென்றே கட்டிய கப்பல். அதாவது, நம் ஊருக்கு வருவதற்கு முன்னால் பல வருடங்கள் ஹரிகேன் எனப்படும் புயல்கள் உலவும் கடலில் ஓடியது. அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஹரிகேன் காலம், செப்டம்பரில் உச்சம். அந்த ஆறு மாதமும் அங்கே கப்பல்கள் ஓடத்தான் செய்கின்றன, குழந்தை குட்டிகளோடு.

எம்பிரஸ் சென்னைக்கு ஏன் ஜூனில் வந்தது என்று யோசித்தால், அதன் கால அட்டவணையே ஒரு காற்று வரைபடம் என்பது புரியும். வருடத்தின் பெரும்பகுதி அது மும்பையைத் தளமாகக் கொண்டு ஓடுகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இறங்கும்போது கோவா, லட்சத்தீவுப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மழையை அங்கேயே கொட்டிவிட்டு, வறண்டு நம் பக்கம் இறங்குகிறது. சென்னைக் கரையில் அது நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றுக்கு அலையை வளர்க்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுதளம் உண்டு. கரையிலிருந்து கிளம்பும் காற்றுக்குக் கரையோரத்தில் அந்த வசதி இல்லை. அதனால் மும்பைக்குப் பொல்லாத மாதங்கள் சென்னைக்குச் சாதுவான மாதங்கள். நமக்குப் பொல்லாதவை அக்டோபர், நவம்பர், டிசம்பர்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. புயல் பிறக்கக் கடலின் மேல்பரப்பு ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூடு மேலோட்டமாக இல்லாமல் சில பத்து மீட்டர் ஆழத்துக்கும் இருக்க வேண்டும். வங்காள விரிகுடா ஜூலையிலும் ஆகஸ்டிலும் அதைவிடச் சூடாகவே இருக்கிறது. ஈரத்துக்கும் பஞ்சமில்லை. அப்படியும் பெரிய புயல்கள் அந்த மாதங்களில் வருவது மிக அரிது. ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை ஒரு புயல் காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு புயல் காலம், நடுவில் ஓய்வு. அட்லாண்டிக்கில் இப்படி இரண்டாகப் பிளந்த புயல் காலம் கிடையாது.

காரணம் மேலே இருக்கிறது. பருவமழை உச்சத்தில் கீழே தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் கிழக்கிலிருந்து அதைவிட வேகமான காற்று எதிர்த்திசையில் ஓடுகிறது. புயல் என்பது கடலிலிருந்து அந்த உயரம் வரை செங்குத்தாக நிற்கும் ஒரு சுழல் தூண். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குடங்களில் அடிக்குடத்தை ஒருவர் மேற்கிலிருந்தும் மேல்குடத்தை இன்னொருவர் கிழக்கிலிருந்தும் தள்ளினால் அடுக்கு நிற்குமா? சுழலும் அப்படித்தான் சாய்ந்து கலைகிறது. பருவமழை தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் இந்த எதிரெதிர் இழுப்பு தளர்கிறது. அப்போதுதான் தூண் நிமிர்ந்து எழுகிறது.

அரபிக்கடலைவிட வங்கக்கடலில் புயல்கள் அதிகம் என்பதற்கும் ஓர் அழகான காரணம் உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மழைக்காலத்தில் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்புநீரைவிட எடை குறைந்தது. மேலே ஒரு தட்டாகப் பரவி நிற்கிறது. வழக்கமாகப் புயல் கடந்து போகும்போது கடலைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து, தன் எரிபொருளைத் தானே குறைத்துக்கொள்ளும். வங்கக்கடலின் வடபகுதியில் இந்த எடை குறைந்த நன்னீர்த் தட்டு கலக்கத்துக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. அடியிலுள்ள குளிர் அடியிலேயே தங்கிவிடுகிறது. மேல்தட்டு சூடாகவே இருந்து புயலுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கிறது. இமயமலையில் பெய்த மழை, கடலுக்கு வந்து சேர்ந்தபின் ஒரு புயலின் ஆயுளை நீட்டுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

இனி கூண்டுக்கு வருவோம். ‘துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்ற செய்தியைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. எண் ஏற ஏறப் புயல் வலுக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். பாதிதான் சரி. ஒன்றாம், இரண்டாம் எண் கூண்டுகள் துறைமுகத்துக்கான எச்சரிக்கையே இல்லை. எங்கோ தூரத்தில் ஒன்று உருவாகியிருக்கிறது, இங்கிருந்து புறப்படும் கப்பல்கள் அதன் பாதையில் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதுதான் அவற்றின் பொருள். மூன்றும் நான்கும் இந்தத் துறைமுகத்துக்கே உரியவை. ஐந்து, ஆறு, ஏழு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பேரபாயம். ஆனால் ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாடு வலிமையில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. புயல் செல்லும் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கம் வருமானால் ஐந்து. வலப்பக்கம் வருமானால் ஆறு. புயல் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில் கடக்குமானால் ஏழு. எட்டு, ஒன்பது, பத்தும் அதே வரிசைதான், தீவிரப் புயலுக்கு. பதினோராம் எண்ணுக்கு ஒரே பொருள்: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. மாலுமி அதற்குமேல் தன் கண்ணையும் காற்றழுத்தமானியையும் நம்ப வேண்டியதுதான்.

இடம், வலம் என்று ஏன் இவ்வளவு அக்கறை? நம் பாதி உலகத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது நகரும் திசையைப் பார்த்து நாம் நிற்பதாக வைத்துக்கொண்டால், வலப்பக்கத்தில் சுழலும் காற்றும் நகரும் வேகமும் ஒரே திசையில் சேர்கின்றன. இடப்பக்கத்தில் ஒன்றை ஒன்று குறைக்கின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் சுழலும் புயல் 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், வலத்தில் ஏறத்தாழ 115, இடத்தில் ஏறத்தாழ 85. அதைவிட மோசம், வலப்பக்கத்து முன்பாதியில் அடிக்கும் காற்று கப்பலைப் புயலின் பாதைக்குள்ளேயே தள்ளிக்கொண்டுபோகும். மாலுமிகள் அதை அபாய அரைவட்டம் என்கிறார்கள். 19-ம் நூற்றாண்டில் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், வங்கக்கடலில் புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்து ஒப்பிட்டு இந்த விதிகளை மாலுமிகளுக்குப் புரியும்படி எழுதினார். அவருடைய கையேடு 1848-ல் வந்தது. உலகக் கடலோடிகளுக்கான பாடத்தில் நம் கடலுக்கும் பங்கு உண்டு.

சென்னைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பெரும்பாலான புயல்கள் மேற்காகவோ வடமேற்காகவோ வருகின்றன. அப்படியானால் வலப்பக்கம் என்பது வடபக்கம். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியபோது சென்னை அதன் வலப்பக்கத்தில் இருந்தது. கடலிலிருந்து கரைக்குக் காற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னைக்குக் கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி ஊர்ந்து வடக்கே போய் பாபட்லா அருகே கரை கடந்தது. அப்போது நாம் இடப்பக்கம்; காற்று வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வந்தது. காற்றால் பெரிய சேதம் இல்லை. மழைதான் நம்மை மூழ்கடித்தது. 2016-ல் வர்தா நேராக ஊரின் மேலேயே வந்தது. விழுந்த மரங்களை நாம் யாரும் மறக்கவில்லை.

புயலின் இந்தச் சுழற்சியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அடுத்த முறை தூரத்தில் எங்கோ தாழ்வு மண்டலம் இருக்கிறது என்று சொல்லும் நாளில், காற்று ஆபத்தாகும் முன்னரே மொட்டை மாடியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடது கையை நீட்டுங்கள். புயலின் மையம் அந்தப் பக்கம், சற்று முன்னால் இருக்கும். டச்சுக்காரர் பைஸ் பாலட் 1857-ல் சொன்ன விதி. செயற்கைக்கோள் வருவதற்கு முன்னால் கப்பல் தளத்தில் நின்ற மாலுமி இதைத்தான் செய்தார்.

இப்போது கணக்கு. வங்கக்கடல் புயல் ஒன்று சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் நகர்கிறது. சுற்றுலாக் கப்பல் சாதாரணமாக மணிக்கு 28 முதல் 33 கிலோமீட்டர் ஓடும். ஒரு நாளில் 670 முதல் 790 கிலோமீட்டர். ஓட்டப்பந்தயத்தில் கப்பல்தான் முந்துகிறது. நாளை புயல் எங்கே இருக்கும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்லும் இடத்தில் இன்று சராசரிப் பிழை நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: கப்பல் தலைவருக்கு முன்கூட்டியே தெரிகிறது, விலகிப்போக வேகமும் இருக்கிறது. மணிக்கு 63 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசும் வட்டத்தை வரைபடத்தில் போட்டு, முன்னறிவிப்பின் பிழைக்காக அதைச் சுற்றி இன்னும் அகலமாக ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நுழையாமல் போவதுதான் அவர் வேலை.

வங்கக்கடலில் ஒரு சிக்கல், மூன்று பக்கமும் நிலம். அட்லாண்டிக்கைப் போல எந்தத் திசையிலும் ஓட முடியாது. திறந்த வாசல் தெற்கே. நல்லவேளை, புயலுக்குப் பிடிக்காத இடமும் அதுதான். பூமியின் சுழற்சிதான் காற்றை வளைத்துச் சுழல வைக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே அந்த வளைப்பு இல்லாமல் போகிறது. ஐந்து பாகைக்குத் தெற்கே புயல் உருவாவது அபூர்வம். 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே ஒன்றரைப் பாகையில் வாமெய் புயல் உருவானபோது வானிலை அறிஞர்கள் திகைத்துப்போனார்கள். சென்னை 13 பாகையில் இருக்கிறது. இங்கிருந்து ஐந்து பாகைக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர். கப்பலுக்கு ஒன்றரை நாள் கூட ஆகாது.

சரி, கப்பல்கள் மூழ்கவில்லையா? மூழ்கியிருக்கின்றன, தரைதட்டியும் இருக்கின்றன. ஆனால் எப்படி என்று பார்க்க வேண்டும். நீலம் புயலின்போது ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. மற்றவை ஆழ்கடலுக்குப் போய்விட்டன, இது போகவில்லை. நங்கூரம் பிடி விட்டு, காற்றும் அலையும் அதை இழுத்து வந்து பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார வைத்தன. கப்பல் உடையவில்லை. பயந்து உயிர்காப்புப் படகில் இறங்கியவர்கள்தான் கவிழ்ந்தார்கள், சிலர் இறந்தார்கள். பலரை நம் மீனவர்கள் அலைக்குள் இறங்கி மீட்டார்கள். கப்பலிலேயே இருந்தவர்கள் பிழைத்தார்கள். 2021 மே 17 அன்று டௌக்தே புயலில் மும்பைக்கு மேற்கே மூழ்கிய பி-305, தானாக ஓடும் எஞ்சின் இல்லாத மிதவை. நங்கூரங்கள் அறுந்தன, அதிலிருந்த 261 பேரில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2015 அக்டோபர் 1 அன்று பஹாமாஸ் அருகே ‘எல் ஃபாரோ’ என்ற சரக்குக் கப்பல் 33 பேரோடு மூழ்கியபோது, அதன் தலைவர் பல மணி நேரம் பழைய வானிலைத் தகவலை நம்பிப் பாதை வகுத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. நகர முடியாதது, நகராமல் நின்றது, தவறான இடத்துக்கு நகர்ந்தது. மூன்றிலும் பறிபோனது ஒன்றே: விலகும் வாய்ப்பு. 2017-ல் இர்மா ஹரிகேன் ஃப்ளோரிடாவை நெருங்கியபோது ஒரு பெரிய கப்பல் நிறுவனம் தன் ஊழியர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் கப்பலில் ஏற்றிக் கடலுக்கே அனுப்பியது. அவர்களுக்கு இது தெரியும்.

கரையில் மனிதர்களைக் கொல்வது பெரும்பாலும் காற்றைவிடத் தண்ணீர்தான். புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல்மட்டம் உயர்கிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். கடுமையான புயலில்கூட இது பெரும்பாலும் அரை மீட்டர், முக்கால் மீட்டர்தான். பெரிய உயர்வு காற்று தள்ளும் நீரால் வருகிறது. அந்த நீர் ஆழ்கடலில் அடிவழியே திரும்பி ஓடிவிடும். அங்கே மிதக்கும் கப்பலுக்கு இந்த உயர்வு தெரியவே தெரியாது. ஆழமில்லாத கரைக்கு வரும்போது திரும்பி ஓட அடியில் இடமில்லாமல் அதே நீர் மேலே குவிகிறது. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமாவில் அது ஐந்து மீட்டர் அளவுக்கு எழுந்து ஊர் ஊராக வழித்துக்கொண்டு போனது; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கொண்டுபோனதும் இதுவே.

புயல் நேரத்தில் கரைதான் ஆபத்து என்பதைப் பழைய மதராஸ் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் கப்பல்கள் நங்கூரமிட்டன. 1746-ல் மதராசைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே, அக்டோபர் புயலில் அந்தக் கரையிலேயே பல கப்பல்களை இழந்தார். வங்கக்கடலில் ஆங்கிலேயருடைய போர்க்கப்பல்கள் அக்டோபரில் சோழமண்டலக் கரையை விட்டு விலகிவிடுவது வழக்கமாயிற்று. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை கோட்டைக் கொடிமரம் இறக்கப்படும். இனி இந்தக் கரையில் நிற்காதீர்கள் என்று கப்பல்களுக்கு அதுவே அறிவிப்பு. பிறகு கட்டிய துறைமுகத்தையும், வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் உடைத்துப்போட்டது. அப்படியும் மக்கள் பயணத்தை நிறுத்தவில்லை. 1926 முதல் 1973 வரை மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் திறந்த தளத்தில் பாய் விரித்து இந்தக் கடலைக் கடந்தன, ஐப்பசியிலும் கார்த்திகையிலும்கூட. அவர்களுக்குச் சுற்றுலா இல்லை, பிழைப்பு.

பெரிய கப்பலுக்குப் பொருந்துவது சிறிய கப்பலுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய பயணிகள் கப்பல், வடகிழக்குப் பருவமழை நெருங்குவதால் ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கி, நவம்பரில் மறுபடி நின்று, அடுத்த பிப்ரவரியில் ஓடியது. பலர் ஏமாற்றத்தோடு குறை சொன்னார்கள். நிறுத்தியதே சரி என்பது என் எண்ணம். நான்கு மணி நேரப் பாதையில் சுற்றிப்போக வழி இல்லை; ஒவ்வோர் அலையிலும் ஏறி இறங்கும் சிறிய உடல் அதற்கு. பத்து விநாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் ஏறக்குறைய 156 மீட்டர். 211 மீட்டர் கப்பல் அதன் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குமேல் நீண்டு கிடப்பதால் ஆட்டம் குறைகிறது. சிறிய கப்பல் பள்ளத்துக்குள் முழுதாக இறங்கி ஏறுகிறது.

ஆனால் அலை நீளமாகிவிட்டால் பெரிய கப்பலும் ஆடும். புயலிலிருந்து கிளம்பும் நீண்ட அலைகள் புயலைவிட வேகமாக ஓடுகின்றன. பன்னிரண்டு விநாடி அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர் பயணிக்கிறது. அதனால் வானம் நிர்மலமாக, காற்றே இல்லாமல் இருக்கும்போது கப்பல் மெதுவாகத் தலையாட்டத் தொடங்கினால், தூரத்தில் ஒரு புயல் இருக்கக்கூடும் என்று பொருள். தென் இந்தியப் பெருங்கடலில் எழும் இத்தகைய அலைகள் பல நாள் பயணித்துக் கேரளத்தையும் குமரியையும் வந்து தாக்குகின்றன. கள்ளக்கடல் என்று பெயர். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு எச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப்போனது இப்படி ஓர் எச்சரிக்கை இருந்த நாளில். அன்றும் ஆபத்து கரையில்தான்.

கப்பலில் இருப்பவருக்கு வருவது குமட்டல். ஐந்து விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழுமாகப் போகும் அசைவுதான் மனித உடலை அதிகம் வாட்டுகிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண் ‘ஆடவில்லை’ என்கிறது. இந்தச் சண்டைதான் வயிற்றைப் புரட்டுகிறது. கப்பலின் பக்கவாட்டில் நீருக்குள் நீட்டும் துடுப்புகள் இடவல ஆட்டத்தைக் குறைக்கும். முன்பின் ஆட்டத்தை அவற்றால் தடுக்க முடியாது. எனவே பெரியவர்களோடு போகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். மேல்தள முன்பக்க அறையில் காட்சி அழகு, ஆட்டமும் அங்கேதான் அதிகம். தலை சுற்றினால் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் சமாதானமாகும்.

கப்பல்கள் இப்படி விலகிப் போவதில் அறிவியலுக்கு ஓர் இழப்பும் உண்டு. முன்பெல்லாம் புயலுக்குள் சிக்கிய கப்பல்களின் குறிப்புகள்தான் புயலைப் பற்றிய அறிவு. இப்போது முன்னறிவிப்பு நன்றாக இருப்பதால் யாரும் உள்ளே போவதில்லை. உள்ளே கடல் என்ன செய்கிறது என்று சொல்ல ஆளில்லை. அந்த இடத்தை நிரப்புவதில் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்குண்டு. அங்குள்ளவர்கள் வங்கக்கடலில் நங்கூரமிட்டு வைத்திருக்கும் மிதவைகள், புயல் தலைக்குமேல் போகும்போதும் நின்ற இடத்தில் நின்று, காற்றழுத்தத்தையும் நீரின் சூட்டையும் உப்பையும் செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. கப்பல் பாதுகாப்பாக விலக உதவும் முன்னறிவிப்புக்குள் அந்த மிதவைகளின் உழைப்பும் இருக்கிறது.

இனி கொரட்டூர் வீட்டின் பக்கம் வருவோம். கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறோம். கடல்நீர் நம் தெருவுக்கு வராது. நமக்கு வருவது வானத்து நீர். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, கொரட்டூர் ஏரி நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று முன்னோர் கோத்துவைத்த சங்கிலி இது. வாய்க்கால்கள் குறுகிய இடங்களில் நீர் தெருவில் நிற்கிறது. 2015 வெள்ளத்திலும் மிக்ஜாமின்போதும் இதை அனுபவித்தோம். புயல் மெதுவாக நகர நகர ஒரே ஊரின் மேல் அதிக நேரம் மழை கொட்டும். மிக்ஜாமின் கொடுமை அதன் மெதுவான நடைதான். கப்பலுக்கு மெதுவான புயல் நல்லது, விலக நேரம் கிடைக்கும். அதே மெதுவான புயல் நம் தெருவுக்குக் கெடுதல். மிக்ஜாமில் டிசம்பர் 4 அன்று விமான நிலையமே மூடப்பட்டது; அப்படி ஒரு நாளில் திரும்பிவரும் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையாமல் வெளியே காத்திருக்கும், அல்லது வேறு துறைமுகத்தில் இறக்கிவிடும். பயணச்சீட்டு நிபந்தனைகளில் அந்த உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் வைத்துக்கொள்கின்றன. பணம் கட்டும் முன் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

எந்த மாதம் போகலாம்? பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வங்கக்கடல் அமைதியாக இருக்கும். ஜூன் பாதிக்குமேல் சென்னையிலிருந்து புறப்படுவதும் நல்லதுதான், ஆனால் இலங்கையின் தென்முனையைச் சுற்றும்போது தென்மேற்குக் காற்றின் அலை கொஞ்சம் ஆட்டும். தீபாவளி விடுமுறையிலோ அரையாண்டு விடுமுறையிலோதான் முடியும் என்றால் போகலாம். திரும்பும் நாளுக்கு மறுநாளே தேர்வோ அலுவலகத்தில் முக்கிய வேலையோ இல்லாதபடி இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளையும் அதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தரைத்தள வீடாக இருந்தால் பத்திரங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பரண்மேல் ஏற்றுங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள், வண்டியை மேடான தெருவில் இருக்கும் உறவினர் வீட்டில் விடுங்கள். மாடியில் குடியிருக்கும் அண்ணாச்சியிடமோ அக்காவிடமோ ஒரு சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். தண்ணீர் வாசல்படி ஏறினால் உள்ளே போய்ப் பார்க்க ஒருவர் வேண்டும்.